டிக் அடிக்காத கட்டம்

அந்த அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சைபர். முகத்துக்கு நேரே சைபர் சார், முதுகுக்குப் பின்னால் வெறும் சைபர். பட்டத்தை வாங்கிக் கொடுத்தது அவருடைய வாய்தான். பத்தொன்பது வருஷமாக ஓடும் தன் புரோகிராமில் இதுவரை எத்தனை தப்பு என்று யாராவது கேட்டால் போதும். ஏன், கேட்காவிட்டாலும் போதும். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டி, "சைபர்" என்பார். டீ குடிக்கப் போன இடத்திலும் இதே பாட்டு. டீக்கடைக்காரருக்கே மனப்பாடம்.

சுகாதாரத் துறை அலுவலகத்தின் மூன்றாம் மாடியில் கணினிப் பிரிவு. எந்தச் செவிலிக்கு எந்த ஆஸ்பத்திரி என்று வருஷத்துக்கு ஒரு தடவை முடிவுசெய்வது அங்கே இருக்கும் சைபரின் புரோகிராம்தான். கோபோல் என்ற பழைய மொழியில் எழுதியது. செவிலிகள் காகிதத்தில் விண்ணப்பம் போடுவார்கள், கீழே இரண்டாம் மாடியில் குமாஸ்தாக்கள் அதைக் கறுப்புத் திரையில் தட்டுவார்கள், புரோகிராம் பட்டியல் போடும். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் இயக்குநருக்கு ஞானம் பிறந்தது.

இனிமேல் செவிலிகள் வீட்டிலிருந்தே இணையத்தில் விண்ணப்பிக்கலாம் என்றார் இயக்குநர். நல்ல விஷயம்தான், யார் வேண்டாம் என்றது? ஆனால் அவர் எதைச் செய்தாலும் முதலில் ஒரு புத்தகம் வாங்குவார். இதற்கும் ஒன்று வாங்கினார். பழைய மொழிப் புரோகிராம்களை இணையத்துக்குக் கொண்டுபோகும்போது கடைப்பிடிக்க வேண்டிய நல்ல நடைமுறைகள், அறுபத்தொரு பக்கம், வழவழப்பான தாள். ஆளுக்கொன்று கொடுத்து, "படித்தேன், புரிந்துகொண்டேன்" என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டவர்கள் இருபத்திரண்டு பேர். படித்தவர் ஒரே ஒருத்தி.

அவளுக்கு அங்கே பெயர் கேள்விக்குறி. இணையப் பக்கங்களை அமைக்கிற வேலை அவளுடையது. அதற்குப் பின்னால் இருந்து பதில் சொல்வது சைபரின் புரோகிராம். அதனால் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. சைபரின் மேசையில் அந்தப் புத்தகம் கணினித் திரைக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தது. உயரம் சரியாக இருந்தது என்பதை அவரும் மறுக்கவில்லை.

"சார், ஒரு சந்தேகம்."

"உனக்கு சந்தேகம் வராத நாள் எதும்மா?"

"பதினாலாம் பக்கத்துல போட்டிருக்கு. வலையிலேர்ந்து ஒவ்வொருத்தர் வரும்போதும் புரோகிராம் முதல்ல பழைய விவரத்தை எல்லாம் துடைச்சிட்டுத்தான் ஆரம்பிக்கணுமாம். நம்மளுது துடைக்குதா?"

"நீ இந்த ஆபீசுக்கு வந்து எத்தனை வருஷம்?"

"ஆறு சார்."

"அது பத்தொம்பது வருஷமா ஓடுது. எத்தனை தப்பு?"

கேள்விக்குறி பெருமூச்சு விட்டுவிட்டு விரல்களை வட்டமாகச் சேர்த்துக் காட்டினாள்.

"அப்புறம் என்ன? நீ சொல்லித்தான் அதைக் குளிப்பாட்டி விடணுமா? உன் வேலை வாசல்ல கோலம் போடறது. போட்டுட்டுப் போ. உள்ள சமைக்கிறது நான்."

அவள் அதையே ஒரு மெயிலாக எழுதி அனுப்பிவைத்தாள். சைபர் அதைத் திறக்கக்கூட இல்லை. பிறகு சோதனையும் நடந்தது. என்ன பிரமாதமான சோதனை! சைபரே செவிலியாக மாறி, சைபரே ஒரு விண்ணப்பம் போட்டு, சைபரே சரிபார்த்து, சைபரே பாஸ் போட்டார். ஒரே ஒரு விண்ணப்பம். அது அற்புதமாகத்தான் ஓடியது.

இந்த வருஷப் பட்டியலில் அவருடைய வீடும் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அவர் மனைவியும் செவிலிதான். பஸ்ஸில் எட்டு மணி நேரம் போனால் வருகிற ஊரில் வேலை. போய் நாலு வருஷமாகிறது. மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவாள், அந்த இரண்டு நாளும் துணி துவைப்பதிலேயே போய்விடும். மகளை எழுப்பி, குளிக்கவைத்து, தலைவாரிப் பள்ளிக்கு அனுப்புவது சைபர். நாலாயிரம் செவிலிகளை நொடியில் வரிசைப்படுத்தும் மனுஷனுக்கு இரண்டு பின்னலை ஒரே உயரத்தில் போட வரவில்லை. "அப்பா, ஒண்ணு காதுகிட்ட இருக்கு, ஒண்ணு கழுத்துகிட்ட இருக்கு" என்று அது தினமும் சிணுங்கும். அவருக்கு அழுகையே வந்துவிடும்.

அவர்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில், இந்த வருஷம் ஒரே ஒரு இடம் காலி. அவள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் சைபருக்கு வேண்டியது. அதற்காகத் தில்லுமுல்லு எதுவும் செய்யவில்லை, அந்த விஷயத்தில் கை சுத்தம். ஒரே ஒரு யோசனை மட்டும் சொன்னார்: "காலையில எல்லாரும் முட்டி மோதுவாங்க, சைட்டு திணறும். நீ நிதானமா மத்தியானம் போடு."

முடிவு வந்தது. அவளுக்கே கிடைத்தது! போனில் இரண்டு பேரும் பேசவில்லை, மாறி மாறிச் சிரித்தார்கள். மகள் அன்றைக்கே அலமாரியில் தன் சட்டைகளை எல்லாம் ஒரு தட்டில் திணித்து, அம்மாவுக்கென்று இரண்டு தட்டைக் காலிபண்ணி வைத்தது. சைபர் ஆபீசில் எல்லோருக்கும் தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தார். அப்படி ஒரு சம்பவம் அதற்கு முன்னால் நடந்ததில்லை.

நாலாம் நாள் ஒரு செவிலி முறையீட்டுக்கு வந்தாள். மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. கீழே கவுன்ட்டரில் யாருக்கும் பதில் தெரியாததால், வழக்கம்போல மாடிக்கு அனுப்பிவிட்டார்கள். மார்போடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலை அணைத்துப் பிடித்திருந்தாள்.

"குழந்தைங்க வார்டு இடம் எனக்கு எப்படி சார் இல்லாம போச்சு? எம்பையனுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துல மூணு நாள் இந்த ஊர்லதான் மிஷின்ல படுக்க வைக்கறாங்க. எங்க அக்காதான் கூட்டிட்டுப் போறா. ஊசி குத்தும்போது அம்மா அம்மான்னு கத்தறானாம். நான் அங்க மத்தவங்க புள்ளைக்கு ஊசி போட்டுக்கிட்டிருக்கேன்."

விண்ணப்பத்தில் இதற்கென்றே ஒரு கட்டம் உண்டு. குடும்பத்தில் தீவிர சிகிச்சையில் யாராவது இருந்தால் அதில் டிக் அடிக்க வேண்டும். அடித்தவர்களுக்குத்தான் முதல் உரிமை. அவர்களுக்குள் யாருக்குச் சர்வீஸ் அதிகமோ அவர் முன்னால் வருவார்.

"டிக் அடிக்க மறந்திருப்பீங்கம்மா" என்றார் சைபர். தப்பு எப்போதும் எதிரில் நிற்பவருடையது என்பது அவருடைய பத்தொன்பது வருஷ அனுபவம்.

"அதை எப்படி சார் மறப்பேன்?"

எடுத்துப் பார்த்தார். டிக்: ஆம். சரியாகத்தான் இருந்தது. அப்படியென்றால் இவளுக்கு மேலே இருப்பது யார்? அந்த வார்டுப் பட்டியலின் முதல் வரிக்குப் போனார். அவர் மனைவி. பதினாலு வருஷ சர்வீஸ். டிக்: ஆம்.

சைபருக்கு ஒன்றும் ஓடவில்லை. இவள் எதற்கு டிக் அடித்தாள்? வீட்டில் தீவிர சிகிச்சையில் யார் இருக்கிறார்கள்? நானா? விசாரித்துத் தகவல் அனுப்புவதாக அந்தச் செவிலியிடம் சொல்லி அனுப்பிவிட்டு மனைவிக்கு போன் போட்டார். "ஐயய்யோ, நான் எதுக்குங்க அதை அடிக்கப் போறேன்? நம்ம வாயால அப்படி சொல்லலாமா?" என்றாள் அவள். மொத்தப் பட்டியலையும் எண்ணிப் பார்த்தார். நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு விண்ணப்பம். அதில் "ஆம்" மூவாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றாறு. போன வருஷம் நூற்று நாற்பது. ஒரே வருஷத்தில் செவிலிகளின் குடும்பம் எல்லாம் கூண்டோடு படுக்கையில் விழுந்துவிட்டதா? திறக்காத அந்த மெயிலைத் திறந்தார். பிறகு பக்கத்து மேசையைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, "ஏம்மா, ஒரு சந்தேகம்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். பழைய கறுப்புத் திரையில் எந்தக் கட்டத்தையும் விட முடியாது. நோயாளி இல்லை என்றால் குமாஸ்தா "இல்லை" என்று தட்டியே தீர வேண்டும். இணையப் பக்கம் அப்படியில்லை. கட்டத்தில் டிக் அடித்தால் "ஆம்" என்று வந்து சேரும். அடிக்காவிட்டால் "இல்லை" என்று வராது. ஒன்றுமே வராது. அந்தக் கட்டம் ஒன்று இருந்ததாகவே புரோகிராமுக்குத் தெரியாது.

அதோடு நின்றிருந்தாலும் தப்பித்திருக்கலாம். முன்பெல்லாம் ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் புரோகிராம் தனித்தனியாகத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிக்கொள்ளும். இப்போது காலை ஆறு மணிக்கு ஒரே ஒரு தடவை எழுந்து உட்கார்ந்து, ராத்திரிவரை வருகிறவர்களுக்கெல்லாம் அதுவே பதில் சொல்கிறது. நடுவில் துடைப்பதே இல்லை. ஹோட்டலில் முந்தின ஆள் சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் அடுத்தவருக்கு வைப்பதுபோல, முந்தினவர் விட்டுப்போன "ஆம்" அப்படியே அடுத்தவர் தலையில் ஏறியது. அன்றன்றைக்கு முதலில் ஒருவர் டிக் அடிக்கும்வரைதான் உண்மை. அதற்குப் பிறகு வந்தவர்கள் வீட்டிலெல்லாம் நோயாளி. பொறுப்பாக விடியற்காலையில் எழுந்து விண்ணப்பித்த அப்பாவிகள்தான் ஏமாந்தார்கள். சைபரின் மனைவி, அவர் சொன்ன யோசனைப்படி, நிதானமாக மத்தியானம் போட்டாள்.

"ஆரம்பத்துல ஒரே ஒரு வரி சார்" என்றாள் கேள்விக்குறி. "அந்தக் கட்டத்துல இல்லைன்னு நாமளே போட்டுட்டு ஆரம்பிச்சிருந்தா போதும்." குத்திக்காட்டியிருக்கலாம், காட்டவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

இயக்குநரிடம் போனார். இயக்குநரோ முந்தின நாள்தான் மேடை போட்டு, இந்த வருஷம் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்குக் கருணை காட்டியதாக வாய் கிழியப் பேசிவிட்டு வந்திருந்தார். சைபர் சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஈயாடவில்லை. கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திருகினார்.

"யாராவது கண்டுபிடிச்சாங்களா?"

"ஒரு நர்ஸம்மா வந்திருக்காங்க. ஆனா அவங்களுக்கு காரணம் தெரியாது சார்."

"தெரிய வேண்டாம். சர்வீஸ் கம்மின்னு எழுதி அனுப்புங்க, அது பொய்யில்லையே. ஆமா, உங்க வீட்டம்மாவுக்குக் கிடைச்சிருக்கு இல்ல?"

"ஆமா சார்."

"அப்புறம் என்னய்யா? போய் சந்தோஷமா இருங்க."

சைபர் வெளியே வந்தார். உண்மையைச் சொன்னால், அந்த நிமிஷம் அவருக்கு அப்பாடா என்றுதான் இருந்தது. மேலிடத்து உத்தரவு! தலையணை மாதிரி எவ்வளவு மெத்தென்று இருக்கிறது. நான் சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை, நான் என்ன செய்ய? ஏழெட்டுப் படி இறங்குவதற்குள் அவருக்குத் தன்னைப் பார்த்தே குமட்டியது.

சாயங்காலம் மனைவிக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது, நடுவில் நின்றுவிட்டது.

"ஒரு வரியா?" என்றாள். "ஒரு வரி எழுதறதுக்கு உங்களுக்கு வலிச்சுதா? அந்தப் பொண்ணு சொல்லியும் கேக்கலையா?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"நான் எனக்கு வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன். அந்தப் புள்ளையோட அம்மாவுக்கே குடுங்க."

"அப்படிக் குடுத்தாலும் அவங்களுக்குப் போகாதும்மா. ஆம்னு ஏறினவங்க அவங்களுக்கு மேல இன்னும் இருபது பேர் இருக்காங்க. அவங்கள்ல முதல் ஆளுக்குப் போகும். மொத்தப் பட்டியலையும் திரும்பப் போட்டாத்தான் சரியாகும்."

"திரும்பப் போட்டா எனக்கு?"

"டிக் இல்லேன்னா எப்படியும் நூறு பேருக்குக் கீழதான்."

பிறகு அவள் குரல் உடைந்து வந்தது. "எங்கிட்ட எதுக்குங்க கேக்கறீங்க? போனாப் போகுது, சரியானதைச் செய்ங்கன்னு நான் சொல்லணும். உங்க மனசு ஆறிடும். அதானே வேணும்? நான் சொல்ல மாட்டேன். நாலு வருஷம்ங்க. நான் சொல்லவே மாட்டேன்." போனை வைத்துவிட்டாள்.

சமையலறை மேடைமேல் சாய்ந்து சைபர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் காலை எட்டரை மணிக்கே ஆபீசுக்குப் போனார். அந்த ஒரு வரியை எழுதினார். பத்தொன்பது வருஷத்துப் பெருமை, தட்டி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் யார் உண்மையிலேயே டிக் அடித்தார்கள், யார் அடிக்கவில்லை என்று இப்போது எப்படித் தெரியும்? புரோகிராமிடம் இருப்பதெல்லாம் குழம்பிப்போன கணக்கு. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது கேள்விக்குறி வந்தாள்.

"வந்ததை வந்தபடியே தனியா எடுத்து வச்சிருக்கேன் சார். ஒவ்வொரு விண்ணப்பத்தையும்."

"யாரு சொன்னா உன்னை வைக்கச் சொல்லி?"

"முப்பத்தொண்ணாம் பக்கம்."

இரண்டு பேரும் உட்கார்ந்து நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டையும் முதலிலிருந்து ஓட்டினார்கள். "ஆம்" நூற்று ஐம்பத்துமூன்று. குழந்தைகள் வார்டு: மலையில் வேலை பார்க்கும் செவிலி. கேள்விக்குறி திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சார், உங்க வீட்ல…" என்று இழுத்தாள். "தெரியும்மா. பிரிண்ட் போடு" என்றார்.

இயக்குநரிடம் மறுபடி போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? பட்டியலை நேரே முறையீட்டுக் குழுவுக்கே அனுப்பினார். தப்பு இன்ன இடத்தில், காரணம் நான், முன்கூட்டியே சொல்லியும் கேட்காதவன் நான், இந்தத் தப்பினால் ஆதாயம் அடைந்தவர்களில் என் மனைவியும் ஒருத்தி என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டார். குழுவில் ஏழு பேர். ஏழு பேருக்கும் போய்ச் சேர்ந்த காகிதத்தை எந்த இயக்குநராலும் மேசைக்குள் தள்ளிப் பூட்ட முடியாது.

இயக்குநர் முதலில் தாம்தூம் என்று குதித்தார். அப்புறம்தான் அவருக்கு வழி தெரிந்தது. நம் துறையின் நவீனக் கணினி, பட்டியலில் தப்பாக விழுந்திருந்த சில டிக்குகளைத் தானாகவே கண்டுபிடித்துத் தானாகவே திருத்திக்கொண்டது என்று எல்லாப் பத்திரிகைக்கும் செய்தி கொடுத்தார். போட்டோவில் அவர் கணினியின் தோளில் கைபோட்டு நின்றார். சைபருக்குப் பதினாலாம் பக்கத்தை மீறியதற்காக ஒரு மெமோ வந்தது. எழுதியவர் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. மனைவிக்குப் போன காகிதத்தில் இரண்டே வரி: உத்தரவு ரத்து, பழைய இடத்திலேயே தொடரவும். அவள் ஐந்து நாள் போனை எடுக்கவில்லை. ஆறாம் நாள் எடுத்து, "பாப்பாவுக்கு ஷூ பத்துதா?" என்று மட்டும் கேட்டாள். மகள் தன் சட்டைகளை மறுபடி மூன்று தட்டிலும் பரப்பி அடுக்கியது. அதைப் பார்க்க முடியாமல் சைபர் மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

அடுத்த வாரம் மலையிலிருந்து அந்தச் செவிலி உத்தரவை வாங்க வந்தாள். அன்றைக்குக் கீழே கவுன்ட்டர் குமாஸ்தா லீவு. மெமோ வாங்கினவருக்கு வேறென்ன வேலை கொடுப்பார்கள்? கண்ணாடிக்குப் பின்னால் சைபர்தான் உட்கார்ந்திருந்தார்.

காகிதத்தை வாங்கி மூன்று தடவை படித்தாள். கையெழுத்துப் போடும்போது கண்ணீர் சொட்டி மை பரவியது, புடவைத் தலைப்பால் ஒற்றி எடுத்தாள்.

"கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சுத் திருத்திடுச்சாமே சார். பேப்பர்ல பாத்தேன். அது நல்லா இருக்கணும்."

"ம்."

"ஆனா எனக்கு ஆறவே மாட்டேங்குது. எம்புள்ளை இடத்தை ஒருத்தி எடுத்துக்கிட்டுப் போகப் பாத்தாளே, யாரு சார் அவ? உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே? வீட்டுல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லாம எப்படி மனசு வந்து டிக் அடிச்சா? அவளுக்கும் ஒரு குழந்தை இருந்திருந்தா இப்படிச் செஞ்சிருப்பாளா?"

சைபர் முத்திரையை மைப்பெட்டியில் வைத்து அழுத்தினார். அது போதுமான அளவு நனைந்து ரொம்ப நேரமாகியிருந்தது.

"இருக்கும்மா" என்றார். "ஏழு வயசு."